நெற்குதிருக்குப் பின்னால் கண்டது கட்டுவிரியனா? அதன் இயல்பு குறித்து ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணியளவில் எங்கள் வீட்டின் பின்கட்டில், நெற்குதிரை ஒட்டிய சுவரோரமாக ஏறத்தாழ மூன்றடி நீளமுள்ள கரும்பாம்பு ஒன்று நகர்ந்து செல்வதைக் கண்டேன். கைப்பேசியின் விளக்கொளி பட்டதும் அதன் உடல் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. உடலின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. படம் எடுப்பதற்குள் குதிருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நுழைந்துவிட்டது; பிறகு எவ்வளவு தேடியும் அகப்படவில்லை.

என் தாயார், “அது வெள்ளிக்கோல் வரையன், சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும், ஒன்றும் செய்யாது” என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ, “எட்டடி விரியன், கடித்தால் எட்டாவது அடியில் ஆள் விழுந்துவிடுவான்” என்று சொல்லி வீட்டையே கலக்கிவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி? என் தாயாருக்கு முட்டிவலி இருந்தும் கட்டில் பிடிக்காது. ஐம்பது ஆண்டுகளாகத் தரையில் கோரைப்பாய் விரித்துத்தான் படுத்து வருகிறார் என்பதால் இதை அறிய விரும்புகிறேன்.

செதிலாய்வன் எழுதியது:

ஐயா, உங்கள் ஐயம் மிகப் பழைய ஐயம். பெரியவர் சொன்ன எட்டடி விரியன் என்பது கட்டுவிரியனேதான். அதையும் வெள்ளிக்கோல் வரையனையும் பிரித்தறிவதில் பழக்கமுள்ளவர்களே தடுமாறியிருக்கிறார்கள். வெள்ளிக்கோல் வரையனுக்கு நஞ்சில்லை. ஆனால் தோற்றத்தில் அது கட்டுவிரியனை அவ்வளவு நெருக்கமாக ஒத்திருப்பதால், அதைக் கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துக் கொல்வதும், கட்டுவிரியனை அது என்று எண்ணிக் கையில் எடுப்பதும் நம் ஊர்களில் மாறி மாறி நடக்கின்றன.

முதலில் கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். கட்டுவிரியனுக்குத் தலையும் கழுத்தும் பெரும்பாலும் வெறும் கருமையாக இருக்கும். கோடுகள் தலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, வால் நோக்கிச் செல்லச் செல்லத் தெளிவடையும். பல பாம்புகளில் அவை இரண்டிரண்டாக, இணைகோடுகளைப் போல் நெருங்கி நிற்கும். வயது முதிர்ந்தவற்றில் முன்பகுதிக் கோடுகள் தேய்ந்து புள்ளிகளாக எஞ்சுவதும், முற்றிலும் மறைவதும் உண்டு. வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ்: கழுத்திலேயே அகலமான பட்டை ஒன்று காலர்போல் இருக்கும், பட்டைகள் விலாப்பகுதியில் கவைபோல் பிரியும், வாலை நெருங்க நெருங்க மங்கிவிடும். நிறமும் பெரும்பாலும் பழுப்பு. கருநீலம் கலந்த கருமை அன்று.

அடுத்தது முதுகு. கட்டுவிரியனின் முதுகுத்தண்டின் மேல் செல்லும் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. தேன்கூட்டு அறைகளைப்போல் அறுகோண வடிவத்தில் இருக்கும். வரையனுக்கு அந்த வரிசை இல்லை. இவ்வேறுபாட்டை அறிய உயிருள்ள பாம்பிடம் நெருங்க வேண்டியதில்லை. உரித்த சட்டை கிடைத்தாலே போதும்.

நீளத்தை வைத்தும் ஓரளவு சொல்லலாம். வரையன் பொதுவாக இரண்டடியைத் தாண்டுவது குறைவு. கட்டுவிரியன் சராசரியாக மூன்றடிக்குமேல் வளரும். ஐந்தடியைக் கடந்தவையும் பதிவாகியுள்ளன. நீங்கள் சொல்லும் மூன்றடியும், இரவு நேரமும், எண்ணெய்ப் பளபளப்பும், சுவரின்மேல் ஏறாமல் சுவரடியில் சென்றதும் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பக்கமே சாய்கின்றன. ஆனாலும் பார்க்காத பாம்பைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். குதிருக்குப் பின்னால் சட்டை ஏதேனும் கிடக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில், நீண்ட கோலால் தள்ளிப் பாருங்கள்.

கடலூர்க்காரன் எழுதியது:

கட்டுவிரியனைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுகிறார்கள் என்பது என் கருத்து. எங்கள் செங்கல் சூளையில் செங்கல் அடுக்கைப் பிரிக்கும்போது இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். தொட்டாலும் சீறாது, படமெடுக்காது, ஓடக்கூட முயலாது. பந்துபோல் சுருண்டு தலையை உடலுக்கடியில் மறைத்துக்கொள்ளும். ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் அதை மண்வெட்டியில் அள்ளிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தார். நல்லபாம்பைக் கண்டால்தான் எங்களுக்கு அச்சம்.

செதிலாய்வன் எழுதியது:

கடலூர்க்காரர் கண்டது முற்றிலும் உண்மை. அதிலிருந்து அவர் பெறும் முடிவில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தப் பாம்பு பகலில் ஒன்று, இரவில் வேறொன்று. பகலில் அது கூச்சமும் மந்தமும் கொண்டது. வெளிச்சம் பட்டால் தளர்வாகச் சுருண்டு, தலையை உள்ளே செருகிக்கொண்டு, உடலை வெட்டி வெட்டி இழுக்கும். அந்நிலையில் மிகவும் தொல்லைப்படுத்தினாலன்றிக் கடிக்க வராது. இருள் சூழ்ந்தபின் அதே பாம்பு விறுவிறுப்பாக இரைதேடி அலையும். அப்போது உடலின்மேல் கை பட்டாலோ, புரண்டு படுத்தவரின் தோள் அழுத்தினாலோ எச்சரிக்கை எதுவும் தராமல் கடித்துவிடும். நல்லபாம்பு படமெடுத்து எச்சரிக்கும், கண்ணாடிவிரியன் குக்கர் விசில்போல் சீறும், சுருட்டைவிரியன் செதில்களை உரசி ஒலியெழுப்பும். கட்டுவிரியனிடம் இவற்றில் ஒன்றும் இல்லை.

அதன் உணவையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் ஏன் வருகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. கட்டுவிரியன் முதன்மையாகப் பாம்புதின்னி. புழுப்பாம்பு, வெள்ளிக்கோல் வரையன், சில வேளைகளில் தன் இனத்தைச் சேர்ந்த வேறொரு கட்டுவிரியனையே விழுங்கிவிடும். எலி, சுண்டெலி, அரணை, ஓணான், தவளை ஆகியவையும் அதற்கு இரையாகும். வீட்டில் நெல் இருந்தால் எலி இருக்கும். விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு வரையன் வரும். பாம்பைத் தின்னும் பாம்பு இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்து சேரும். ஆகவே உங்கள் தாயார் முன்பு வரையனைப் பார்த்திருக்கலாம் என்பதும், நீங்கள் அன்று பார்த்தது கட்டுவிரியனாக இருக்கலாம் என்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

தங்குவதற்கு எலிவளை, கரையான்புற்று, செங்கல் அடுக்கு, இடிந்த சுவரின் இடுக்கு, விறகுக் குவியல் ஆகியவற்றை அது நாடும். தானே வளை தோண்டாது. நீர்நிலைகளை ஒட்டிய வயல்வெளி மிகவும் பிடிக்கும் என்பதால் காவிரிப் படுகையில் அதற்குக் குறையே இல்லை. பெண் பாம்பு கோடைப்பருவத்தில் பத்துக்கு முன்பின்னாக முட்டைகள் இட்டு, குஞ்சு பொரியும்வரை அவற்றோடு சுருண்டு கிடக்கும். பொரித்து வரும் குட்டி ஒரு முழத்துக்கும் குறைவுதான்; ஆனால் முதல் நாளிலிருந்தே அதற்கு நஞ்சு உண்டு.

பெயர்ச்சொல் எழுதியது:

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். நாம் கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்று மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். முதலிரண்டும் உண்மையில் விரியன் குடும்பத்தவை. கட்டுவிரியனோ நல்லபாம்பு, ராஜநாகம், கடற்பாம்பு ஆகியவற்றின் உறவு. முன்பற்கள் மடங்காமல் நிலையாக இருக்கும் குடும்பம் அது. ‘விரியன் கடித்தால் வீங்கும், இரத்தம் கசியும், எரியும்’ என்பது நம் ஊர்மக்களின் அனுபவ அறிவு. கண்ணாடிவிரியனுக்கு அது மிகச்சரி. அதே அளவுகோலைக் கட்டுவிரியனுக்கும் பொருத்தி, ‘வீக்கம் இல்லை, ஆகவே விரியன் கடிக்கவில்லை’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெயர் நம்மை ஏமாற்றுகிறது.

அறிவியல் பெயரில் உள்ள ‘பங்காரஸ்’ என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும் ‘பங்காரம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பொன்னிறப் பட்டைகள் கொண்ட வேறோர் இனத்துக்குப் பொருந்திய அச்சொல் இந்தக் கரும்பாம்புக்கும் ஒட்டிக்கொண்டது என்பது தனிக்கதை.

‘எட்டடி’ என்பதும் உண்மையன்று. கடிபட்டவர் எட்டு அடியில் விழுவதில்லை. பெரும்பாலும் சில மணிநேரம் நலமாகவே இருக்கிறார், அதுதான் சிக்கல். ஆயினும் இத்தகைய நம்பிக்கைகளை முற்றிலும் எள்ளி நகையாட எனக்கு மனம் வருவதில்லை. இராஜஸ்தானின் பாலைநிலப் பகுதியில் கட்டுவிரியன் வகைப் பாம்புகளை ‘பீவணா’ என்று அழைக்கிறார்கள். ‘குடிப்பது’ என்று பொருள். தூங்குபவரின் மார்பின்மேல் ஏறி அவர் மூச்சைக் குடித்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. காலையில் ஒருவர் மூச்சின்றிக் கிடக்கிறார்; உடலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை; அருகில் பாம்பு போன தடம் மட்டும் இருக்கிறது. இதைக் கண்ட மனிதர் வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்? மூச்சு நின்றுதான் சாகிறார்கள் என்பதை அவர்கள் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மேலே சொல்லப்பட்டதை எங்கள் பக்கத்திலிருந்து விளக்குகிறேன்.

கட்டுவிரியனின் பல் மிகச் சிறியது. பல நோயாளிகளிடம் கடிவாயைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களாலேயே முடிவதில்லை. எறும்பு கடித்ததாகவோ, பூச்சி ஊர்ந்ததாகவோ உணர்ந்து மீண்டும் தூங்கிவிட்டதாகச் சொல்வார்கள். விழிக்கும்போது முதல் முறையீடு பெரும்பாலும் வயிற்றுவலியாக இருக்கும், சிலருக்கு வாந்தியும் சேரும். அதன்பின் கண்ணிமைகள் தொங்கத் தொடங்கும். காண்பது இரண்டிரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, தலையைத் தூக்கினால் கழுத்து நிற்காது. செயலிழப்பு இப்படி மேலிருந்து கீழே இறங்கி வந்து, கடைசியில் மூச்சுத்தசைகளைப் பிடிக்கும்.

நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சிறு பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும். நல்லபாம்பின் நஞ்சு அச்செய்தி போய்ச் சேரும் இடத்தில், அதாவது தசையின் வாயிலில், போய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை ஓரளவு விலக்க மருந்து உண்டு. கட்டுவிரியன் நஞ்சில் உள்ள பீட்டா-பங்காரோடாக்சின் செய்தி புறப்படும் இடத்திலேயே, நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது. சிதைந்த முனை மறுபடி வளர வேண்டும்; அதற்கு நாட்கள் ஆகும். பாம்புநஞ்சு முறிமருந்து இரத்தத்தில் அலையும் நஞ்சைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த முனையை அது மீட்காது. எனவே மருந்து எவ்வளவு முன்னதாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. தாமதமாகிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது வென்டிலேட்டர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுமையாகச் செயலிழந்த நோயாளிக்குக் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும், அனிச்சைச் செயல்கள் இருக்காது. பார்ப்பவருக்கு மூளை இறந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் நஞ்சு தாக்கியது மூளையை அன்று. உள்ளே இருப்பவருக்கு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது கேட்கலாம். ஆகவே கட்டுவிரியன் கடி என்ற ஐயம் இருக்கும்வரை யாரும் நம்பிக்கையைக் கைவிடக் கூடாது என்று எங்கள் மூத்த மருத்துவர் புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.

மேட்டுத்தெரு எழுதியது:

இரவுப்பணி அம்மா சொன்னதை எங்கள் வீட்டில் நேரில் பார்த்தோம்.

என் சித்தப்பா அறுவடைக் காலத்தில் களத்திலேயே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுத்திருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரவு சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பின்மேல் பழி விழுந்தது. சித்தி ஓமத்தண்ணீர் கொடுத்தார், பிறகு சோடா. ஆறு மணிக்கு அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வயிற்றுப்புண் என்று சொல்லி ஓர் ஊசி போட்டு, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை; நாங்களும் களத்தில் படுத்திருந்தார் என்பதைச் சொல்லவில்லை, அவர்களும் எங்கே படுத்தீர்கள் என்று கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் என் தங்கைதான், “சித்தப்பாவுக்குத் தூக்கம் சொக்குது பாரு” என்றாள். அது தூக்கம் அல்ல. நெற்றியைச் சுருக்கி, புருவத்தை மேலே தூக்கி, இமையைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு நின்றுவிட்டது. வழிநெடுகிலும் உடன் வந்தவர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஆறு நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார். ஏழாம் நாள் பெருவிரலை அசைத்தார். குணமான பிறகு எங்களிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: மூன்றாம் நாள் கட்டிலருகே நின்று அவருடைய மூத்த மைத்துனர், “நிலப்பத்திரம் எங்கே வைத்திருக்கிறார்” என்று சித்தியிடம் கேட்டதை அவர் முழுவதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாராம். அந்த மைத்துனருடன் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

வன்னியூரான் எழுதியது:

எங்கள் பக்கத்தில், வன்னியிலும் மட்டக்களப்பிலும், இதற்கு எண்ணெய் விரியன் என்றும் பெயர் உண்டு. சிங்களத்தில் ‘தெல் கரவலா’ என்பார்கள். ‘தெல்’ என்றாலும் எண்ணெய்தான். இரு மொழியினரும் அதன் பளபளப்பைத்தான் பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் ஈரவலயத்துக் காடுகளில் இன்னொரு கட்டுவிரியன் இருக்கிறது. அது இத்தீவுக்கே உரியது, உலகில் வேறெங்கும் இல்லை. வறண்ட வலயத்தில் எங்கள் வீடுகளுக்குள் வருவது இந்தியாவில் உள்ள அதே இனம்.

அநுராதபுரத்தில் 1990களின் பிற்பகுதியில் கட்டுவிரியன் கடி நோயாளிகளை முறையாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இரவில், தரையில், தூக்கத்தில் கடிபட்டவர்கள். மண்சுவரும் ஓலைக்கூரையும் உள்ள குடிசைகளில் படுத்திருந்த ஏழை விவசாயிகளே அதிகம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களில் நாங்கள் படுத்த இரவுகளில், ஷெல்லுக்கு அடுத்தபடியாக எங்கள் அம்மம்மா அஞ்சியது இந்தப் பாம்புக்குத்தான். படுக்குமுன் விளக்கைப் பிடித்துப் பாயின் நான்கு மூலையையும் தூக்கி உதறிப் பார்ப்பார்; விளக்கெண்ணெய் தீர்ந்த நாட்களில் கையால் தட்டிப் பார்ப்பார். கையால் தட்டுவதுதான் மிகப்பெரிய பிழை என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

கடலூர்க்காரன் எழுதியது:

நான் முன்பு எழுதியதைப் பெருமளவு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி. மனித உடலின் சூட்டைத் தேடித்தான் பாம்பு படுக்கைக்குள் வருகிறது என்று பலரும் சொல்கிறார்களே, அது சரியா?

செதிலாய்வன் எழுதியது:

பலரும் எழுதுகிறார்கள், நானும் முன்பு நம்பினேன். இப்போது எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடிகள் குளிர்காலத்தில் மட்டும் நடந்தால் அந்த விளக்கம் பொருந்தும். நம் பகுதியில் வியர்த்துக் கொட்டும் இரவுகளிலும் அவை நடக்கின்றன. இரைதேடும் பாம்பு சுவரோரத்தைப் பற்றிக்கொண்டே செல்லும் வழக்கமுடையது; நாமும் பாயைச் சுவரோரமாகவே விரிக்கிறோம். அதன் பாதையில் ஒருவர் படுத்திருக்கிறார், அது அவரைத் தாண்டிப் போக முயல்கிறது, அவர் புரள்கிறார். இதற்குமேல் காரணம் தேட வேண்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

எக்காரணமாயினும் தடுப்பு ஒன்றே. தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஆய்வொன்று 2007ஆம் ஆண்டு வெளியானது. கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி பெரிதும் குறைந்திருந்ததை அது காட்டியது. வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும்; காற்றாட விட்டு வைத்தால் பயனில்லை. கட்டில் பிடிக்காத தாயாருக்கு ஏற்றது இதுதான்.

மட்டுறுத்துநர்:

இவ்விடத்தில் சிறியாநங்கை வேர், மிளகு, கோழிக்குஞ்சின் ஆசனவாயைக் கடிவாயில் வைக்கும் வைத்தியம் ஆகியவற்றைப் பரிந்துரைத்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. உயிர் தொடர்பான செய்தி என்பதால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. எழுதியவர்கள் பொறுத்தருள்க.

இரவுப்பணி எழுதியது:

நன்றி. நீக்கப்பட்ட பதிவுகளில் ஒன்று, “எங்கள் ஊரில் வேர் தின்று பிழைத்தவர்கள் பத்துப் பேர்” என்று சொன்னது. அதை நான் பொய் என்று கூறவில்லை. நஞ்சில்லாத பாம்பு கடித்தவர்களும், நஞ்சுள்ள பாம்பு நஞ்சைச் செலுத்தாமல் கடித்தவர்களும் எதைத் தின்றாலும் பிழைப்பார்கள். அவர்கள் வந்து சாட்சி சொல்வார்கள். பிழைக்காதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

கடிபட்டதாக ஐயம் வந்தால் செய்ய வேண்டியது சிறிதே. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கை அல்லது காலை முறிந்த எலும்புக்குக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, வாந்தி இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முறிமருந்தும் மூச்சுக்கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்து வரத் தேவையில்லை. இந்தியாவில் கிடைக்கும் முறிமருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. கண்ணாடிவிரியன் கடியைக் காட்டிக்கொடுக்கும் இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை கட்டுவிரியன் கடியில் இயல்பாகவே இருக்கும். அதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

அளவைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.45 மில்லிகிராம் கட்டுவிரியன் நஞ்சை முறிக்கும். பத்துக் குப்பிகள், அதாவது 100 மில்லிலிட்டர், 45 மில்லிகிராமை முறிக்கும். குழந்தைக்கும் இதே அளவுதான்; கடிக்கும் பாம்பு ஆளின் எடையைப் பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

பெயர்ச்சொல் எழுதியது:

வரையன் என்று எண்ணிக் கட்டுவிரியனைத் தொடுவது படிப்பறிவில்லாதவர்களின் பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பியல் அறிஞர் ஜோசப் ஸ்லோவின்ஸ்கி, 2001 செப்டம்பரில் வட மியான்மரின் மலைக்காட்டில் ஆய்வுப்பயணத்தில் இருந்தபோது, உதவியாளர் பிடித்து வந்த சிறு பாம்பு இருந்த பைக்குள் கையை விட்டார். கட்டுவிரியனைப்போல் தோற்றமளிக்கும் நஞ்சற்ற பாம்பு என்று எண்ணப்பட்ட அது உண்மையில் கட்டுவிரியன் குட்டி. கடிவாயில் குறிப்பிடத்தக்க தடம்கூட இல்லை. பின்னர் செயலிழப்புத் தொடங்கியபோது உடனிருந்தவர்கள் மணிக்கணக்கில் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். மழையால் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. மறுநாள் இறந்தார். அவருக்கு அப்போது வயது 38.

அவரைக் கடித்ததாகக் கருதப்படும் இனம் 2021இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டு, சீனத் தொன்மக் கதையின் வெள்ளைப்பாம்புப் பெண்ணின் பெயரைப் பெற்றது. கொன்ற பாம்புக்கு அதுவரை பெயரே இல்லை.

செந்நாவல் எழுதியது:

பாம்பைக் கொல்லக் கூடாது என்று பலரும் பொதுவாக எழுதுகிறார்கள்; எழுதுவது எளிது. வீட்டில் தவழும் குழந்தை வைத்திருப்பவருக்கு அந்த அறிவுரை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. சாகிறவர்கள் தரையில் படுப்பவர்களாக இருப்பதால்தான் இவ்வளவு தாமதம் என்று நான் நினைக்கிறேன். ஏர்கண்டிஷன் அறையில் கட்டுவிரியன் கடிப்பதாக இருந்தால் எப்போதோ பட்டியலில் வந்திருக்கும்.

செதிலாய்வன் எழுதியது:

உங்கள் சினம் நியாயமானது. அதில் எனக்கு மறுப்பில்லை. கொல்ல முயல்வதுதான் ஆபத்து என்பதே நான் சொல்ல வருவது. இரவில் தடியோடு இடுக்கில் கைவிடுபவரே அடுத்த நோயாளி. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடிப்பார்கள், வனத்துறையிலும் சொல்லலாம்.

நமக்கு மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் நினைக்க வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத்தோல் வணிகம் முடங்கி, பிழைப்பை இழந்த இருளர்களுக்கு பாம்பியல் அறிஞர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் அமைந்த வழி அது. பிடித்துவந்த பாம்பை மண்பானையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். சில வாரங்கள் நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அடையாளமுள்ள பாம்பு திரும்ப அகப்பட்டால் எடுக்க மாட்டார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் முறிமருந்து தயாராகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நான் ஒருமுறை அங்கே நஞ்செடுப்பதைப் பார்த்தேன். நல்லபாம்பின் பல் குவளையின் வாயில் கட்டிய தோலைத் துளைத்ததும் நஞ்சு மஞ்சளாக வழிந்து இறங்கியது. கட்டுவிரியனிடமிருந்து வந்தது கண்ணாடிச் சுவரில் ஒட்டிய ஒரு சிறு ஈரம் மட்டுமே. விளக்கின் பக்கம் திருப்பிப் பார்த்தால்தான் தெரிந்தது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பத்து நாட்களுக்குப் பின் எழுதுகிறேன்.

மறுநாளே தீயணைப்பு நிலையத்திலிருந்து இருவர் வந்து பின்கட்டு முழுவதும் பார்த்தார்கள், பாம்பு அகப்படவில்லை. குதிரின் அடிப்பகுதியில் எலி குடைந்த வளை ஒன்று சுவரைக் கடந்து வெளியே வைக்கோல் போர்வரை செல்வதைக் காட்டினார்கள். அதை ஓட்டுத்துண்டும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். நெல்லை அளந்து விற்றுவிட்டு நெற்குதிரையும் நேற்று நகர்த்தினோம். அப்போது சுவரின் அடியில், ஒட்டடையோடு ஒட்டடையாக, பாம்புச்சட்டை ஒன்று ஏறத்தாழ முழுதாகவே கிடைத்தது.

செதிலாய்வன் ஐயா சொன்னபடி அதைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பக்கவாட்டுச் செதில்கள் அரிசிமணிபோல் சிறியவை. நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் அகலமாக, ஆறு முனைகளோடு, கழுத்திலிருந்து வால்வரை ஓடுகிறது. வாலின் அடியில் உள்ள செதில்கள் பிளவுபடாமல் ஒற்றையாகவே இருக்கின்றன. அளந்து பார்த்ததில் மூன்றரை அடி. உரிக்கும்போது தோல் சற்று நீளும் என்று எங்கோ படித்த நினைவு.

செதிலாய்வன் எழுதியது:

நீளும் என்பது சரி. வாலடிச் செதில் ஒற்றையாக இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. வரையனுக்கு அவை இரட்டையாகப் பிரிந்திருக்கும். அது கட்டுவிரியனேதான்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தாயாரிடம் காட்டினேன். சற்றுநேரம் பார்த்துவிட்டு, “அப்போ வரையன் இல்லையா” என்று மட்டும் கேட்டார். கட்டிலுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பாயைச் சுவரிலிருந்து கூடத்தின் நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, வாங்கி வந்த கொசுவலையின் விளிம்பை நான்கு பக்கமும் தாமே செருகிக்கொள்கிறார். நேற்று இரவு நான் போய்ப் பார்த்தபோது கால்மாட்டில் ஒரு மூலை மட்டும் வெளியே கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே செருகினேன்.